காலரா ஹார்னஸா? இழுக்கிற நாய் வச்சிருக்கவங்களுக்கு

வாக்கிங் கிளம்பினாலே நம்மள தரதரன்னு இழுத்துட்டு ஓடுற நாய்க்கு கழுத்துல கட்டுற காலரா, நெஞ்சையும் முதுகையும் சுத்தி மாட்டுற பட்டையான ஹார்னஸா, எத மாட்டுறதுன்னு நிறைய பேருக்கு குழப்பம்.

விலை: காலர் கம்மி. ஹார்னஸ் ஜாஸ்தி, குட்டி வளர வளர சைஸ் வேற மாத்தணும்.

மாட்டுறது: காலர் ஒரு நொடி வேலை. ஹார்னஸுக்கு, துள்ளுறத நிக்க வைக்கிறதே தனி கூத்து.

கழுத்து: இதுதான் மெயின், காலர்ல இழுத்தா அழுத்தம் மொத்தமும் தொண்டையில விழுந்து இருமும், பக் மாதிரி சப்ப மூக்கு நாய்க்கு இன்னும் மோசம், ஹார்னஸ்ல அது நெஞ்சுக்குப் பரவிடும். ஆனா கயிறு மாட்டுற கொக்கி முதுகுல இருக்கிற ஹார்னஸப் போட்டா சிலது இன்னும் ஜோரா இழுக்கும், நெஞ்சுல கொக்கி இருக்கிறத வாங்குங்க, இழுத்தா உடம்பு நம்ம பக்கம் திரும்பிடும்.

உரசல்: ஹார்னஸ் அக்குள்ல உரசும், ரெண்டு விரல் போற அளவு லூஸ் விடுங்க.

இழுக்கிற நாய்னா ஹார்னஸ்தான். ஒழுங்கா கூட நடக்கிறதுன்னா காலரே போதும், பேர் டேக் மாட்டவும் அது ஆகும்.