சீஹார்ஸ் இன், டியூக்: எதில் தங்கலாம்?

திமிங்கல வேட்டைக் காலத்துக் கடற்கரை விடுதி ஒன்றில் தங்க ஆசைப்படுபவர்களுக்குத் தென் பசிபிக் பக்கம் இரண்டு நல்ல இடங்கள் உண்டு. ஒன்று, ஆஸ்திரேலியாவில் ஈடன் ஊருக்குத் தெற்கே பாய்ட்டவுனில் இருக்கும் சீஹார்ஸ் இன். இன்னொன்று, நியூசிலாந்தின் ரஸ்ஸலில் இருக்கும் டியூக் ஆஃப் மார்ல்பரோ. அமெரிக்காவில் நான்டக்கெட்டின் ஜாரெட் காஃபின் ஹவுஸையும் சிலர் சொல்வார்கள். 1845இல் கட்டிய அருமையான செங்கல் கட்டிடம்தான், ஆனால் ஊருக்குள் இருக்கிறது. கடலைப் பார்க்க நடக்க வேண்டும்.

வயதைக் கேட்டால் டியூக் 1827 என்கிறது. முன்னாள் கைதி ஜானி ஜான்ஸ்டன் அங்கே தொடங்கியது ஒரு சாராயக் கடை. கரையிறங்கும் திமிங்கலக் கப்பல் மாலுமிகள்தான் வாடிக்கையாளர்கள். அவர்கள் அடித்த கொட்டத்தில் ஊருக்கே 'பசிபிக்கின் நரகம்' என்று பெயர் வந்தது. 1845 மார்ச்சில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர் ஹோனே ஹெகேயின் ஆட்கள் ஆங்கிலேயரின் கொடிக்கம்பத்தை நான்காம் முறையாக வெட்டிச் சாய்த்தார்கள். அன்று நடந்த சண்டையில் ஊரின் பெரும்பகுதியோடு விடுதியும் எரிந்தது. திரும்பக் கட்டினார்கள், 1931இல் அதுவும் எரிந்தது. ஆக, இன்று நாம் பார்ப்பது பழைய பெயரைச் சுமக்கும் வேறொரு கட்டிடம்.

சீஹார்ஸ் அப்படியில்லை. 1840களில் பென் பாய்ட் என்ற ஸ்காட்லாந்துப் பணக்காரர் எழுப்பிய விடுதி அது. ஈடனை ஒட்டிய டூஃபோல்ட் விரிகுடாவில் தன் பெயரிலேயே ஒரு துறைமுக நகரம் உருவாக்க நினைத்தார். பத்தாண்டுக்குள் பணம் கரைந்துவிட்டது. 1851இல் சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலில் இறங்கியவர் திரும்பவே இல்லை. ஊரும் காலியானது, விடுதி பாழடைந்தது. 1930களில் ஒருமுறையும் 2000களில் ஒருமுறையும் அதைச் சீர்செய்தார்கள். புல்வெளியைத் தாண்டினால் மணல், அப்புறம் கடல். சுற்றிலும் ஊர் என்று சொல்ல ஏதுமில்லை.

பாய்ட்டை நாயகனாக்க வேண்டாம். ஆடு மேய்க்க 1847இல் பசிபிக் தீவுவாசிகளைக் கப்பலேற்றி வந்தவர் அவர். அருகிலுள்ள தேசியப் பூங்காவிலிருந்து அவர் பெயரை 2022இல் எடுத்துவிட்டார்கள்.

திமிங்கலக் கதைக்காகவே போகிறவர்களுக்கு ஈடன்தான். ரஸ்ஸல், கப்பல்கள் உணவும் தண்ணீரும் ஏற்ற வந்த துறை. ஈடனில் கரையிலிருந்தே துடுப்புப் படகில் போய் வேட்டையாடினார்கள். பாய்ட்டுக்குப் பின் அங்கே தொழில் நடத்திய டேவிட்சன் குடும்பத்துக்கு ஓர்காக்களே (கொலைகாரத் திமிங்கலங்கள்) கூட்டாளிகள். அவை பெரிய திமிங்கலங்களை விரிகுடாவுக்குள் விரட்டி வந்து, வாலால் நீரை அறைந்து ஆட்களைக் கூப்பிடும். கொன்ற திமிங்கலத்தைப் படகுக்காரர்கள் இரவு முழுக்க நீரிலேயே விட்டுவைப்பார்கள். நாக்கும் உதடும் ஓர்காக்களுக்கு, மீதி மனிதர்களுக்கு. அந்தப் படகுகளில் துடுப்புப் போட்டவர்களில் பலர் அந்தக் கரையின் பழங்குடியினர். 1930இல் இறந்த 'ஓல்ட் டாம்' என்ற ஓர்காவின் எலும்புக்கூடு ஈடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதற்கு ஈடாகச் சொல்ல ரஸ்ஸலிடம் ஒன்றுமில்லை.

வசதியில் ரஸ்ஸல் ஒரு படி மேல். எதிர்க்கரை ஊரான பைஹியாவிலிருந்து படகேறினால் கொஞ்ச நேரத்தில் விடுதி வாசல். 1836இல் கட்டிய தேவாலயத்தின் சுவரில் குண்டு துளைத்த தடங்கள், கத்தோலிக்கப் பாதிரிமாரின் 1842இன் பொம்பாலியே அச்சுக்கூடம், எல்லாம் நடந்தே பார்க்கலாம். பிள்ளைகள், பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் டியூக்.

பாய்ட்டவுன், சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. இரண்டிலிருந்துமே முழுநாள் ஓட்டம், கார் இல்லாமல் சிரமம். இருந்தாலும் என் ஓட்டு சீஹார்ஸுக்கே. செப்டம்பர் முதல் நவம்பர் வரை குட்டிகளோடு ஹம்ப்பேக் திமிங்கலங்கள் தெற்கே போகும் நேரம், அப்போது போங்கள். கல்யாணங்கள் நடக்கும் இடம் என்பதால் வார நாள்களில் பதிவு செய்வது நல்லது.