நுவரெலியா கோல்ஃப் கிரவுண்டு: பந்து பன்னெண்டு கொண்டு போனேன், ஓடை எத்தனைன்னு எண்ணல

மொதல்லயே சொல்லிடுறேன், நான் பெரிய ப்ளேயர் இல்ல. ஆபீஸ்ல ஒருத்தர் இழுத்துட்டுப் போய்ப் பழக்கிவிட்டதுல ரெண்டு வருஷமா அடிக்கிறேன், அதுலயும் கொழும்புல ட்ரைவிங் ரேஞ்சுல (அடிச்சுப் பழகுற எடம்) வாளி வாளியா அடிச்சது தான் கூட, நெசமான கிரவுண்டுல எறங்குனதை விரல் விட்டு எண்ணிடலாம். அதனால "ஸ்லோப் எப்படி, கிரீன் ஸ்பீட் எவ்ளோ"ன்னு கேக்குற ஆளுங்களுக்கு இந்த ரிவ்யூ ஒத்து வராது. தண்ணியைப் பார்த்தா கை நடுங்குற என்னை மாதிரி ஆளுங்களுக்குத் தான் இது.

எங்க ஊரு அட்டன் பக்கம் ஒரு தோட்டம். பெப்ரவரி போயா (பௌர்ணமி) லீவோட ரெண்டு நாள் சேர்த்துப் போட்டு வீட்டுக்குப் போயிருந்தேன், ஆபீஸ் கூட்டாளியும் கூட வந்தான், அப்பிடியே தலவாக்கலை, நானுஓயா வழியா விடியக்காலைல நுவரெலியாவுக்கு ஏறிட்டோம். வேன்காரர் அஞ்சு மணிக்கு வர்றேன்னுட்டு ஆறேகாலுக்கு வந்தாரு, கேட்டா "பனி சார்"ங்கிறாரு, பனி எங்க லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுங்க) முன்னாடியும் தான் இருந்துச்சு. சரி விடுங்க.

கிளப் 1889ல ஆரம்பிச்சது. வெள்ளைக்காரன் காலத்து கிரவுண்டு, 18 ஹோல் (பந்தைப் போட வேண்டிய குழி), டவுனுக்கு நடுவுலயே கிடக்கு, பக்கத்துல கிராண்ட் ஹோட்டல், தலைக்கு மேல பேதுருதாலகால மலை. பஸ்ல போறப்ப வேலிக்கு அந்தப்பக்கம் பச்சையா தெரியுமே, அதே தான். சின்ன வயசுல அந்த வேலிக்கு வெளிய நின்னு எத்தனை தரம் எட்டிப் பார்த்திருப்பேன்னு கணக்கே இல்ல. வெளி ஆளுங்க தற்காலிக மெம்பர்ஷிப் எடுத்து விளையாடலாம். கிரீன் ஃபீஸ் (ஆடுற கட்டணம்) வேற, கேடிக்கு (பையைத் தூக்கிட்டுக் கூட வர்ற ஆளு) வேற, கிளப் செட் (பந்தை அடிக்கிற மட்டைங்க) வாடகைக்கு எடுத்தா அது வேற. காலர் வச்ச சட்டை போட்டுக்கங்க, டீஷர்ட்டோட போய் நிக்காதீங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். தண்ணி.

திகன பக்கம் விக்டோரியா கிரவுண்டு இருக்குல்ல, 1999ல திறந்தது, டொனால்ட் ஸ்டீல்னு ஒரு இங்கிலாந்துக்காரர் டிசைன் பண்ணது, அங்க மூணு பக்கமும் விக்டோரியா நீர்த்தேக்கம். அந்தத் தண்ணி பெருசு, கண்ணுக்குத் தெரியும், பழைய தெல்தெனிய டவுனையே முழுங்குன தண்ணி. பார்த்தவுடனே மனசு "பத்திரம்டா"ன்னு சொல்லிடும். நுவரெலியால அப்பிடி இல்லீங்க. இங்க தண்ணின்னா மலைல இருந்து எறங்கி வர்ற ஓடை, ஒரு எட்டு வச்சா தாண்டிடலாம்னு தோணும், சில எடத்துல புல்லு ரெண்டு பக்கமும் சாஞ்சு மூடிக்கிட்டிருக்கும், டீல (மொத அடி அடிக்கிற எடம்) நின்னு பார்த்தா ஓடைன்னே தெரியாது, ஃபேர்வே (குழி வரைக்கும் வெட்டி விட்ட புல்லுப் பாதை) ஒரே வாட்டமா போற மாதிரி இருக்கும், அடிச்சுட்டு நடந்து போனா நடுவுல சலசலன்னு சத்தம் கேக்கும் அப்பத் தான் வயித்தைப் பிசையும். பெரிய குளத்தை விட இந்த மாதிரி ஒளிஞ்சு கிடக்குற தண்ணி தான் பந்தைத் திங்குது, இது என் அனுபவம்.

எங்களுக்கு வந்த கேடி அண்ணனுக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும். மொதல் மூணு ஹோலுக்கு "சார் இங்கிட்டு, சார் அங்கிட்டு"ன்னு மட்டும் தான் பேசுனாரு. நான் தண்ணில பந்தை விட்டுட்டு "அய்யோ ஆத்தே"ன்னு கத்துனதும் திரும்பிப் பார்த்து "எந்தத் தோட்டம்?"னாரு. சொன்னேன். அதுக்கப்புறம் சார் போயி தம்பி ஆயிருச்சு, அட்வைஸும் கூடிருச்சு.

மொதல் அடி வாங்குனது தண்ணில இல்ல, காத்துல. நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1868 மீட்டர் ஒசரம், ஆறாயிரம் அடிக்கு மேல. காத்து லேசா இருக்குறதால பந்து ஆறு ஏழு சதவீதம் கூடவே போகும், அதாவது கொழும்புல 150 யார்டு (கஜம்) போற கிளப் இங்க 160 போகும். விடியக்காலைக் குளிர்ல பந்து கொஞ்சம் செத்த மாதிரி இருக்கும், அதனால மொதல்ல வித்தியாசம் தெரியல, வெயில் ஏற ஏறத் தான் வேலையைக் காட்டுது. கேடி அண்ணன் நைன் அயர்னை (கிளப்புக்கு நம்பர் கூடக் கூட பந்து போற தூரம் கம்மி) எடுத்து நீட்டுறாரு, நான் "இல்லண்ணே எய்ட் குடுங்க, எனக்கு என் அடி தெரியும்"னேன். அடிச்சேன், நல்லா தான் பட்டுச்சு, அவ்ளோ சுத்தமான அடி அந்த வாரம் முழுக்க அடிக்கல. கிரீனுக்கு (குழி இருக்குற ஒட்ட வெட்டுன புல்லு) மேலயே பறந்து போய்ப் பின்னாடி ஓடைல விழுந்துச்சு. அண்ணன் ஒண்ணும் சொல்லல, எய்ட்டை வாங்கித் தொடைச்சுப் பைக்குள்ள போட்டாரு, அவ்ளோ தான். அது திட்டுனதை விட மோசம்.

அடுத்தது ஒரு பார் த்ரீ, அதாவது மூணு அடில முடிக்க வேண்டிய ஹோல். டீக்கும் கிரீனுக்கும் நடுவுல ஓடை, கிரீன் பக்கம் கரை கொஞ்சம் ஒசந்து சரிவா இருக்கு. மொதல் பந்து நேரா தண்ணிக்குள்ள, அதுல பேச்சே இல்ல. பெனால்டி ஒண்ணு (அதையும் ஒரு அடியா எண்ணணும்), இந்தப் பக்கமா ட்ராப் பண்ணி (பந்தைக் கைல இருந்து கீழ விட்டு) அடிச்சேன், மூணாவது அடி. இந்தத் தடவை தாண்டிருச்சு, கரைக்கு மேல விழுந்துச்சு, நான் கையத் தூக்கிட்டேன், கூட்டாளி "சூப்பர்டா"ங்கிறான், அதே நேரம் பந்து மெதுவாஆஆ பின்னாடி உருள ஆரம்பிச்சு, நிக்கும் நிக்கும்னு பார்த்தா நிக்கல, பொளக்னு தண்ணிக்குள்ள.

இப்ப தான் சண்டை. கூட்டாளி சொல்றான், "தண்ணில விழுந்துச்சுல்ல, மறுபடி ஓடைக்கு இந்தப்பக்கம் வந்து அடி." கேடி அண்ணன் தலைய ஆட்டுறாரு. எங்களைக் கூட்டிட்டுப் போய், ஓடை மேல இருந்த பலகையைத் தாண்டி, சரிவுல குனிஞ்சு ஒரு எடத்தை விரலால காட்டுனாரு. புல்லுல பந்து குத்துன குழி, பனித்தண்ணி நனைஞ்ச புல்லுங்கிறதால மண்ணு தெரியுற அளவுக்குப் புதுசா இருக்கு. அந்தக் குழி சிவப்புக் குச்சிக்கு (தண்ணிப் பகுதியோட எல்லையைக் காட்டுறது) மேல, கிரீன் பக்கமா, ஒரு முழம் தள்ளி. "பந்து கோட்டுக்கு வெளிய விழுந்துட்டு அப்புறம் தான் உள்ள போயிருக்கு தம்பி, கடைசியா கோட்டைத் தாண்டுனது இந்தப் பக்கம். இங்கயே போடலாம்."

அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி. எல்லாரும் கொழப்பிக்கிற எடம் இது, அதனால கொஞ்சம் விளக்குறேன். 2019ல ரூல்ஸ் மாறுனப்ப வாட்டர் ஹசார்ட்ங்கிற பேரையே தூக்கிட்டாங்க, இப்ப பெனால்டி ஏரியா. பந்து எங்க விழுந்துச்சுங்கிறது கணக்கு இல்ல, கடைசியா எல்லைக் கோட்டை எங்க தாண்டி உள்ள போச்சுங்கிறது தான் கணக்கு. மஞ்சள் குச்சின்னா ஒரு பெனால்டியோட பழைய எடத்துலயே போய் அடிக்கணும், இல்லாட்டி ஹோல்ல நிக்கிற கொடியையும் அந்தத் தாண்டுன எடத்தையும் ஒரே நேர்கோட்டுல வச்சு பின்னாடி போய் ட்ராப் பண்ணணும். சிவப்புன்னா அந்த ரெண்டோட இன்னொண்ணும் உண்டு, தாண்டுன எடத்துல இருந்து ரெண்டு கிளப் நீளத்துக்குள்ள, கொடிக்குக் கிட்ட போகாம ட்ராப் பண்ணிக்கலாம். கிளப் நீளம்னா பையில இருக்கிறதுல நீளமானது, அதாவது ட்ரைவர், புட்டரை (கிரீன்ல பந்தை உருட்டுற கிளப்) கணக்குல எடுக்கக் கூடாது. ட்ராப் முட்டி ஒசரத்துல இருந்து, தோள் ஒசரம்லாம் பழைய கதை. என் கூட்டாளி இன்னும் பழைய காலத்துல தான் இருக்கான், உள்ள கிளப்பைத் தரைல வைக்கக் கூடாதுன்னான், அதையும் 2019லயே எடுத்துட்டாங்கடான்னா நம்ப மாட்டேங்கிறான். தண்ணி கம்மியா இருந்து பந்து தெரிஞ்சா, பெனால்டியே இல்லாம உள்ள எறங்கி அடிக்கவும் செய்யலாம், சப்பாத்து (ஷூ) உங்களோடது.

சரிவுல ட்ராப் பண்ணேன், உருண்டு வெளிய போச்சு. ரெண்டாந்தரம் ட்ராப், மறுபடி போச்சு. அப்பிடி ரெண்டு தரம் போயிட்டா ரெண்டாந்தரம் தரைல பட்ட எடத்துல கையால வச்சிடலாம். வச்சேன். பெனால்டியோட சேர்த்து அஞ்சாவது அடி சிப் (கிட்டத்துச் சின்ன அடி), கிரீன்ல ஏறிச்சு, ரெண்டு புட் (புட்டரால உருட்டுறது). பார் த்ரீல ஏழு. கேடி அண்ணன் அந்தக் குழியைக் காட்டலன்னா கூட்டாளி பேச்சைக் கேட்டு இந்தப்பக்கம் வந்து இன்னும் ரெண்டு பந்தை ஓடைக்குக் குடுத்திருப்பேன். அதனால சொல்றேன், இங்க கேடி பையைத் தூக்குறதுக்கு மட்டும் இல்ல. பனி எறங்கிட்டா நமக்குப் பந்து போன திசை கூடத் தெரியாது, அவங்களுக்குத் தெரியுது. தேடுறதுக்கு இப்ப மூணு நிமிஷம் தான் டைம், முந்தி அஞ்சு.

பந்தைப் பத்தி ஒரு வயித்தெரிச்சல். தண்ணி நெறைய இருக்குன்னு தெரிஞ்சதால புதுப் பந்து வேணாம்னு கொழும்புல ஒரு கடைல யூஸ்டு பந்து ஒரு டசன் வாங்கிட்டுப் போனேன், "ஏ கிரேட் சார், புதுசு மாதிரி"ன்னு தான் வித்தாங்க. பளபளன்னு தான் இருந்துச்சு. நாலாவது ஹோல்ல கேடி அண்ணன் ஒண்ணைக் கைல எடுத்து உருட்டிப் பார்த்துட்டு, பெருவெரல் நகத்தால ஒரு சுரண்டு சுரண்டுனாரு பாருங்க, அப்பளம் மாதிரி வெள்ளை பெயின்ட் பேந்து வருது, உள்ள மஞ்சக் காவி படிஞ்ச கெழட்டுப் பந்து. "ரொம்ப நாள் தண்ணில கிடந்தது தம்பி, மேல பெயின்ட் அடிச்சு விட்டிருக்கான். இது எழும்பாது." ஓடைல எடுத்த பந்தைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்து மறுபடி ஓடைலயே போட்டுட்டு வந்திருக்கேன். யூஸ்டு பந்து வாங்குறவங்க நகத்தால சுரண்டிப் பார்த்து வாங்குங்க, அச்சடிச்ச நம்பர் மங்கலா இருந்தாலும் வேணாம்.

இந்த எடத்துல ஒரு பழைய கதை. எங்க மாமா ஒருத்தர் நுவரெலியால தோட்ட வேலைக்கு வந்தப்ப ஒரு கோல்ஃப் பந்து கொண்டாந்து குடுத்தாரு, தொண்ணூறுகள்ல. லயத்துல கிரிக்கெட் ஆடி ஒரு சன்னல் உடைஞ்சதும் அம்மா பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. திருடி எடுத்து, கவ்வாத்துக் கத்தியால ரெண்டாப் பொளந்தோம். உள்ள ரப்பர் நூல், சுத்திச் சுத்தி வச்சிருக்கான், அறுந்த எடத்துல இருந்து படபடன்னு தானாத் துள்ளி வெளிய வருது, உசிரோட புழு மாதிரி, தங்கச்சி கத்திட்டு ஓடிட்டா. அந்த நூலைச் சேர்த்து முறுக்கி கெட்டபோல் (உண்டிவில்) கட்டுனோம். இப்ப வர்ற பந்துல நூலெல்லாம் கிடையாது, உள்ள ஒரே கட்டி ரப்பர். கேடி அண்ணன்கிட்ட சொன்னேன், சிரிச்சுட்டு அவரும் சின்ன வயசுல பொளந்திருக்காராம்.

ஓடைல இருந்து பந்து எடுக்குறதுக்கு ஒரு நீளக் கம்பு, நுனில கம்பிய வளைச்சுக் கரண்டி மாதிரி. தண்ணி கலங்காம அடில விட்டு ஒரு திருப்பு, பந்து வந்து உக்காருது, முட்டை எடுக்குற மாதிரி. நான் வாங்கிப் பார்த்தேன், மூணு தரம் விட்டேன், தண்ணி பூராம் சேறாகிப் பந்து காணாமப் போயிருச்சு. பன்னெண்டுல ஒம்பது தண்ணிக்குப் போச்சு, நாலை அவரு எடுத்துக் குடுத்தாரு. அந்த நாலுல ஒண்ணு என்னோடதே இல்ல, நல்ல பந்து, பெயின்ட் உரியாதது. அதை வச்சுத் தான் கடைசி மூணு ஹோலும் ஆடுனேன்.

எப்பப் போகலாம்னா, ஜனவரி பெப்ரவரி மார்ச் நல்லது, ஜனவரில விடியக்காலை சில நாள் புல்லு மேல உறைபனி வெள்ளையா நிக்கும், வெயில் வந்தப்புறம் போங்க. ஏப்ரல் சீசன்ல டவுனுக்குள்ள வண்டி நகராது, வேணாம். மே மாசத்துக்கு மேல தென்மேற்குப் பருவமழை, ஓடை எல்லாம் நெறைஞ்சு ஓடும், அப்ப கம்பு விட்டு எடுக்குறதெல்லாம் நடக்காது, போனது போனது தான். உள்ளாடை வரைக்கும் நனையாத மழைக்கோட்டு ஒண்ணு எப்பவும் வச்சுக்கங்க.

திரும்பி வர்ற வழில இன்னொரு ஓடை ஹோல். பார் ஃபோர், ரெண்டாவது அடிக்கு ஓடையைத் தாண்டலாமா வேணாமான்னு நிக்கிறேன், கை ஹைபிரிட் (தூரம் போற கிளப்) பக்கம் போகுது. அண்ணன் செவன் அயர்னைப் பாதி வெளிய இழுத்து வச்சுக்கிட்டு என் மூஞ்சியப் பார்க்குறாரு. வாங்கி, ஓடைக்கு முன்னாடியே போட்டேன், அங்கருந்து வெட்ஜ்ல (கிட்டத்துல தூக்கி அடிக்கிற கிளப்) தாண்டினேன், ரெண்டு புட், அஞ்சு. போகி (பாரை விட ஒரு அடி கூட) தான், ஆனா பந்து நனையல. கூட்டாளி நேரா அடிச்சான், அவனோட மூணு புதுப் பந்து இன்னும் அங்க தான் கிடக்கு, போறவங்க வேணும்னா எடுத்துக்கங்க.