ரோந்து வண்டியில் இருக்க வேண்டிய ஆப்: இ.ஆர்.ஜி. 2024

நெடுஞ்சாலை ரோந்தில் எஸ்.எஸ்.ஐ.யாக இருக்கிறேன். டேங்கர் கவிழ்ந்துவிட்டது என்று மைக்கில் தகவல் வந்தால், தீயணைப்பு வண்டிக்கு முன்னால் அங்கே போய் நிற்பது பெரும்பாலும் நாங்கள்தான். கையில் லத்தியும் டார்ச்சும் இருக்கும். உள்ளே என்ன சரக்கு என்று தெரியாது. இந்த ஆப்பைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளின் போக்குவரத்துத் துறைகள் சேர்ந்து நாலு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற அவசரகால வழிகாட்டி (எமர்ஜென்சி ரெஸ்பான்ஸ் கைடுபுக், சுருக்கமாக இ.ஆர்.ஜி.) இது. முதலில் போய்ச் சேருகிற போலீசுக்கும் தீயணைப்புக்காரர்களுக்கும் என்றே தயாரித்தது. போனில் இறக்கிக்கொள்ளக் காசு கிடையாது.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, ரெண்டு மணி இருக்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு டேங்கர் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. பின்பக்க வால்விலிருந்து வெள்ளையாகப் புகை. டிரைவர் ஓடி வந்து, "ஒண்ணுமில்லீங்க சார், ரெண்டு குடம் தண்ணி ஊத்துனா அடங்கிரும்" என்றார். கூட வந்த கான்ஸ்டபிள் தம்பி, பாவம், உதவி செய்கிற வேகத்தில் இறங்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். லத்தி முனையில் கைக்குட்டையைக் கட்டித் தூக்கிப் பார்த்தோம். காற்று எங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. வண்டியை ரிவர்ஸ் எடுத்து, சுற்றிக்கொண்டு மேட்டுப் பக்கம் போய் நின்றோம்.

ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டியின் இரண்டு பக்கமும் பின்னாலும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அதில் இருக்கிற, சரக்கு இன்னதென்று சொல்லும் நாலு இலக்க ஐ.நா. எண்ணின் உயரம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அந்த வண்டியில் பின்பலகை முழுக்கச் சேறு. பக்கத்துப் பலகையை என் சொந்தப் பைனாகுலரில், எதிரே வந்த லாரி வெளிச்சத்தில் படித்தேன்: 1789. ஆப்பில் அந்த நாலு எண்ணையும் அடித்ததும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், வழிகாட்டி 157 (அந்த வகைச் சரக்குக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பக்கம்) என்று வந்தது. திரவம் கசிந்தால் எல்லாப் பக்கமும் குறைந்தது 50 மீட்டருக்கு யாரையும் விடாதே, பள்ளத்தில் நிற்காதே, கலனுக்குள் தண்ணீர் போகவிடாதே. அந்த இடத்தில் சிக்னல் துளிகூட இல்லை. ஆனாலும் ஆப் திறந்தது. எனக்கு அது பெரிய விஷயம்.

பேரிகார்டைப் போட்டு ரெண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டு, எண்ணை வயர்லெஸ்ஸில் கண்ட்ரோல் ரூமுக்குச் சொன்னேன். தீயணைப்பு ஆட்கள் மூச்சுக் கருவியோடு வந்து மற்றதைப் பார்த்துக்கொண்டார்கள். எங்களில் ஒருவருக்கும் இருமல்கூட வரவில்லை.

எண் தெரியாவிட்டால் சரக்கின் பெயரை வைத்துத் தேடலாம். அதுவும் தெரியாவிட்டால் வண்டியில் ஒட்டியிருக்கும் சாய்சதுரப் படத்தைப் பார்த்துத் தேடலாம். ஒன்றுமே புரியவில்லையா, வழிகாட்டி 111 இருக்கிறது. விஷவாயுக்களுக்குப் பகலுக்கு ஒரு தூரம், இரவுக்கு ஒரு தூரம் என்று பிரித்துப் போட்டிருப்பதை நான் ரொம்ப மதிக்கிறேன். ராத்திரியில் காற்று கலைவது குறைவு, வாயு தரையோடு நெடுந்தூரம் போகும். ராத்திரி டியூட்டி பார்க்கிறவனுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. தமிழில் இல்லை. பதற்றத்தில் அந்த இங்கிலீஷைப் படிப்பது எங்கள் பசங்களுக்குக் கஷ்டம். உள்ளே இருக்கும் போன் நம்பர்கள் வட அமெரிக்காவுக்கானவை; நமக்கு 112, 101தான். நம்ம ஊர்ப் பலகையில் இருக்கும் ஹேஸ்கெம் குறியீட்டையும் (தீயணைப்பு ஆட்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் எண்ணும் எழுத்தும்) இது விளக்காது. அந்தக் குறியீட்டின் கடைசியில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ஜனங்களை வெளியேற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதை நாமே கற்றுக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்று, கேஸ் கசிகிற இடத்தில் போனை வெளியே எடுக்கவே கூடாது. பார்ப்பதைத் தூரத்திலேயே பார்த்து முடித்துவிட வேண்டும்.

2025 ஜனவரி 3 அதிகாலை கோவை அவினாசி ரோடு மேம்பாலத்தில் கேஸ் டேங்கர் கவிழ்ந்தபோது அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். எதுக்கு இவ்வளவு என்று கேட்டவர்களுக்கு ஆப்பில் சமையல் கேஸின் எண்ணான 1075ஐத் திறந்து காட்டினேன். கசிவு என்றாலே 100 மீட்டர். பெரிய கசிவு என்றால் காற்று போகும் திசையில் 800 மீட்டர். டேங்கரே தீயில் சிக்கினால் சுற்றிலும் 1600 மீட்டர். 2012 ஆகஸ்ட்டில் கண்ணூர் பக்கம் சாலாவில் கவிழ்ந்த டேங்கரிலிருந்து பரவிய கேஸ் வீடுகளுக்கு நடுவே தீப்பிடித்து 20 பேர் இறந்தார்கள். அந்தத் தூரங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சாலா ஞாபகம் வரும்.

இப்போது எங்கள் ரோந்து வண்டி டேஷ்போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். 1005 அம்மோனியா, 1017 குளோரின், 1075 கேஸ், 1203 பெட்ரோல், 1789, 1830 ஆசிட். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று தமிழில் என் கையெழுத்தில். அந்தத் தம்பி அதைப் போட்டோ எடுத்து மற்ற ரோந்து வண்டிகளுக்கும் அனுப்பிவிட்டான்.