இருபதாண்டுப் போக்குவரத்துத் திட்டம்: பாதி வழியில் ஒரு பயணியின் அனுபவம்

இருபதாண்டுத் தொலைநோக்குத் திட்டம் ஒன்றின் கீழ் ஓடும் பஸ்ஸிலும் ரயிலிலும் தினமும் போய்வருகிறவன் நான். திட்டக் காலத்தில் பாதி ஓடிவிட்டது. ஆவணத்தின் அட்டைப்படத்தை வைத்துச் சொல்லவில்லை, ஏறி இறங்கியதை வைத்துச் சொல்கிறேன்.

ரயில் பாதை நீட்டிப்பு தாமதமானாலும் வந்து சேர்ந்தது. நிலையங்கள் பளபளவென்று இருக்கின்றன, குறை சொல்ல முடியாது. ஆனால் என் நேரத்தை மிச்சப்படுத்தியது, ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் சின்ன அட்டவணையாகக் கிடந்த வேறொன்று. 30 நிமிடத்துக்கு ஒன்றாக வந்த இணைப்பு பஸ்ஸை 10 நிமிடத்துக்கு ஒன்றாக்கினார்கள். நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவருக்குச் சராசரிக் காத்திருப்பு 15 நிமிடத்திலிருந்து 5 நிமிடமாகிவிடும்.

சிக்கல் அப்புறம்தான் ஆரம்பித்தது. போய்த் திரும்ப 60 நிமிடம் ஆகும் தடத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் விட 6 வண்டி போதும். நெரிசலில் அதே சுற்று 70 நிமிடமானால் 7 வண்டி வேண்டும், கூடவே டிரைவரும் வேண்டும். திட்டத்தில் கட்டுமானத்துக்குப் பணம் இருந்தது, தினசரி ஓட்டத்துக்கு இல்லை. ஏழாவது வண்டி வரவே இல்லை. நடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நிறுத்தப் பலகையில் மட்டும் இன்னும் ‘10 நிமிடத்துக்கு ஒன்று’ என்றே இருக்கிறது. மாலையில் இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வரும், பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் வராது. பஸ்ஸுக்குத் தனித்தடம் விட்டிருந்தால் அந்த ஆறு வண்டியே போதும். அது ‘இரண்டாம் கட்டத்தில்’ இருக்கிறதாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது அலர்ஜி.

1987-இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்ற சுவிட்சர்லாந்தின் ‘பான் 2000’ ரயில் திட்டம் இதைத் தலைகீழாகச் செய்தது. முதலில் கால அட்டவணை, அதற்கு எங்கே தண்டவாளம் தேவையோ அங்கே பிறகு கட்டுமானம். சூரிச்–பெர்ன் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் இரண்டு முனையிலும் இணைப்பு ரயிலைப் பிடிக்கலாம். 2004-இல் திறந்த புதுப் பாதையால் அது 56 நிமிடமானது. அதற்கு மேல் வேகத்துக்காகக் காசைக் கொட்டவில்லை. ஹூஸ்டன் நகரமும் 2015-இல், செலவைப் பெரிதாகக் கூட்டாமலே, பஸ் தடங்களைப் புதிதாக வரைந்து அடிக்கடி வரும் சேவையைப் பெருக்கியது.

இப்போது நம் திட்டத்தைத் திருத்தக் கருத்துக் கேட்கிறார்கள். எழுதி அனுப்பியிருக்கிறேன்: இரவு 9 மணிக்கு ஒவ்வொரு தடத்திலும் எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ், அதற்கான சம்பளமும் எரிபொருளும் எந்தக் கணக்கில் வருகின்றன என்று ஒரு பக்கம் சேருங்கள். நிலையப் படங்களைக் கொஞ்சம் குறைத்தால் இடம் கிடைக்கும்.