கினோசாகி வெந்நீர் ஊற்று விடுதிகள்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

ரியோகான் எனப்படும் ஜப்பானிய மரபு விடுதியில் வாடகை அறைக்கு அல்ல, ஆளுக்கு. முன்பதிவில் 25,000 யென் என்று பார்த்துவிட்டு இருவராகப் போனால் பில் 50,000 வரும். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதிலேயே அடக்கம். குளியல் வரி மட்டும் பெரும்பாலும் தனி, ஆளுக்கு 150 யென். கினோசாகியில் நடுத்தரமான ரியோகானுக்கு ஆளுக்குச் சுமார் 20,000 முதல் 40,000 யென் ஆகும். மதியம் 3 மணிக்கு அறை கிடைக்கும், மறுநாள் காலை 10 மணிக்குக் காலி செய்ய வேண்டும். அந்த 19 மணி நேரத்தையும் விடுதியிலும் ஊரிலும் கழிப்பவருக்கு விலை நியாயம்தான். வெளியூர் சுற்றிவிட்டு ராத்திரி வந்து படுப்பவருக்குத் தண்டச் செலவு, அவருக்குச் சாதாரண ஹோட்டலே போதும். இரவுச் சாப்பாடு 6 அல்லது 6.30 மணிக்கு. தாமதமாக வந்தால் அது கிடைக்காமலே போகலாம், காசும் திரும்பாது.

கியோட்டோவிலிருந்து கினோசாகிக்கு நேரடி எக்ஸ்பிரஸ் ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரப் பயணம். ஹியோகோ மாகாணத்தின் வடகோடியில், ஓடைக்கரை வில்லோ மரங்களை ஒட்டி அமைந்த சின்ன ஊர் இது. 1925 நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்து, திரும்பக் கட்டப்பட்டது. ஊரின் பெருமையே 'சோதோயு' எனப்படும் ஏழு பொதுக் குளியல் இல்லங்கள்தான். ரியோகானில் தங்குபவருக்கு அவற்றுக்கான பாஸ் இலவசம். விடுதிகளின் உள் குளியல்கள் சின்னதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஊற்று நீர் ஊருக்குப் பொது, குளிப்பதும் வெளியேதான் என்பது இந்த ஊரின் பழைய ஏற்பாடு. உள் குளியல் கட்டலாமா கூடாதா என்ற வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, 1950-இல்தான் சமரசமாக முடிந்தது. 'விடுதியில் தொட்டி சிறியது' என்று நட்சத்திரத்தைக் குறைப்பவர்கள் ஊரின் முறை தெரியாமல் எழுதுகிறார்கள்.

வெளியே கிளம்பும்போது விடுதி தரும் யுகாட்டா என்ற மெல்லிய பருத்தி அங்கியை உடுத்தி, கெட்டா என்ற மரச்செருப்பைப் போட்டு, சின்னக் கூடையில் டவலை எடுத்துக்கொள்ள வேண்டும். யுகாட்டாவின் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. குளியல் வாசலில் தொங்கும் திரையைப் படித்துவிட்டு நுழையுங்கள். ஆண் பக்கத்தையும் பெண் பக்கத்தையும் மாற்றிவிடும் இடங்கள் உண்டு, முந்தின நாள் ஞாபகத்தில் நுழைந்தால் வம்பு. உள்ளே உடை எதுவும் கூடாது. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்து, நுரை துளியும் இல்லாமல் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். சின்ன டவல் தண்ணீரில் படக்கூடாது, தலைமேல் வைத்துக்கொள்ளலாம். நீர் 42 டிகிரியை ஒட்டி இருக்கும். முதல் முறை ஐந்து நிமிடம் போதும். ஏழையும் ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று கிளம்புபவர்கள் மூன்றாவதிலேயே தலை சுற்றி உட்காருகிறார்கள். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குவதுதான் காரணம். இரண்டு குளியலுக்கு நடுவில் தண்ணீர் குடியுங்கள், சாப்பிட்டவுடனும் மது அருந்திய பிறகும் இறங்காதீர்கள்.

நீர் விஷயத்தில் ஒரு குறை. இங்கே ஊற்று நீரை ஓரிடத்தில் சேர்த்துக் குழாய் வழியே எல்லாக் குளியலுக்கும் அனுப்புகிறார்கள். அதனால் ஏழிலும் ஏறக்குறைய ஒரே நீர்தான். கட்டடமும் திறந்தவெளித் தொட்டியும்தான் வேறுபடும். லேசான உப்புச் சுவையுள்ள, மணமில்லாத நீர். கந்தக வாடையும், ஊற்றிலிருந்து நேராக வந்து வழிந்தோடும் நீரும் வேண்டுமென்றால் குன்மா மாகாணத்தின் குசாட்சுக்குப் போங்கள். அங்கே நீர் பிஹெச் 2-ஐ ஒட்டிய கடும் அமிலம், கந்தகத்தால் வெள்ளி நகை கறுத்துவிடும். எந்த ஊரானாலும் உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பாருங்கள். 2004-இல் நாகானோ மாகாணத்தின் ஷிராஹோனேயில் பொடி கலந்து நீரைப் பால் நிறமாக்கியது அம்பலமானது. அடுத்த ஆண்டிலிருந்து வெளிநீர் சேர்ப்பு, சூடேற்றல், மறுசுழற்சி, கிருமிநாசினி எல்லாவற்றையும் எழுதி ஒட்டுவது கட்டாயம். ஃபோனில் படமெடுத்து மொழிபெயர்க்க நினைக்க வேண்டாம், அந்த அறையில் ஃபோனை வெளியே எடுப்பதே தப்பு. வரவேற்பில் கேட்டால் சொல்வார்கள்.

சாப்பாடுதான் ரியோகானின் உயிர். சிக்கலும் அங்கேதான். நவம்பர் 6 முதல் மார்ச் வரை மாட்சுபா நண்டுக் காலம், அப்போது விலை ஒரேயடியாக ஏறும். பக்கத்துத் துறைமுகமான சுயியாமாவில் இறங்கிய நண்டின் காலில் நீல அடையாளச் சீட்டு இருக்கும். அது இல்லாத நண்டுக்கு அந்த விலை கொடுக்காதீர்கள். நண்டு வேண்டாதவர் கோடையில் போனால் பாதிச் செலவில் முடிக்கலாம், தாஜிமா மாட்டிறைச்சி வருஷம் முழுக்கக் கிடைக்கும்.

சைவர்கள் முன்பதிவின்போதே எழுதிச் சொல்லிவிட வேண்டும். வெறுமனே 'சைவம்' என்றால் மீன் துண்டு போய்விடும், மீன் சாறு தங்கிவிடும். மிசோ சூப், வேகவைத்த காய், முட்டைக் கஸ்டர்ட், தொட்டுக்கொள்ளும் சாஸ் என எல்லாவற்றுக்கும் அடித்தளம் டாஷி, அது பெரும்பாலும் உலர்ந்த சூரை மீனில் இறக்கிய சாறு. 'மீன் டாஷி கூடாது, கொம்பு (kombu) என்ற கடற்பாசியில் இறக்கிய டாஷி சரி' என்று எழுதி, பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். வந்திறங்கிய பிறகு சொன்னால் சோறும் ஊறுகாயும்தான். சாப்பாடு இல்லாத கட்டணத்தில் தங்கலாமே என்றால், இந்த ஊரில் கடைகள் சீக்கிரம் அடைத்துவிடும். கண்டிப்பான சைவருக்கு வாகாயாமாவின் கோயா மலைக் கோயில் விடுதிகளே நிம்மதி.

அறையில் தாதாமிப் பாய்மேல் செருப்பும் கூடாது, சக்கரப் பெட்டியை இழுக்கவும் கூடாது. அலங்காரத்துக்கென்றே இருக்கும் சுவர் மாடத்தில் பெட்டி வைப்பது பெரிய அவமதிப்பு. கழிப்பறைச் செருப்பை அங்கேயே கழற்றிவிட்டு வாருங்கள், மறந்து அறை வரை போட்டு வருவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. தரையில் விரிக்கும் ஃபுட்டோன் மெத்தை மெல்லியது, முதுகு வலிக்காரர்கள் இன்னொன்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். தரையில் உட்கார முடியாத பெரியவர்கள் வந்தால் கட்டில் அறை உண்டா என்று முன்பே விசாரியுங்கள்.

பச்சை குத்தியவர்களை ஜப்பானில் பல குளியல்கள் திருப்பி அனுப்பும், கினோசாகியின் பொதுக் குளியல்களில் அந்தத் தடை இல்லை. தனியாக வருபவரைப் பல ரியோகான்கள் ஏற்பதில்லை, ஏற்றாலும் கட்டணம் கூடும். ஏழு இல்லங்களுக்கும் வாரத்தில் வெவ்வேறு நாளில் விடுமுறை, சில மதியம் 3 மணிக்குத்தான் திறக்கும். பார்க்க விரும்பும் இல்லம் திறந்திருக்கும் நாளைப் பார்த்துத் தேதியைப் போடுங்கள். அன்றைக்கே ரத்து செய்தால் முழுத் தொகையையும் பிடித்துக்கொள்ளும் விடுதிகளே அதிகம்.