நாலு கோர் போர்டு வாங்குகிறீர்களா? செக்யூர் பூட் ஃப்யூஸ் யார் சாவியில் எரிந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

கோயம்புத்தூரில் மெஷின் கன்ட்ரோலர் செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது. நாலு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் சிபியு) கொண்ட கார்ட்டெக்ஸ்-ஏ53 சிப் உள்ள மாட்யூலை ஒரு சப்ளையரிடம் எடுத்தோம். விவகாரம் இன்னும் முடியவில்லை, அதனால் பெயர் போடவில்லை. செக்யூர் பூட் ஃப்யூஸ் என்பது, யாருடைய டிஜிட்டல் சாவியால் கையொப்பமிட்ட மென்பொருள் மட்டும் சிப்பில் ஓடலாம் என்று ஒரே தடவை எரித்துப் பதிக்கும் பூட்டு.

சாம்பிள் போர்டு பிரமாதமாக ஓடியது. மொத்த லாட் வந்த பிறகுதான் தொந்தரவு. காலையில் பவர் போட்டால் சில போர்டுகளில் "சிபியு2: ஃபெயில்டு டு கம் ஆன்லைன்" என்று கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லாகில் வரும். எழாத ஒவ்வொரு கோருக்கும் கெர்னல் 5 வினாடி காத்திருந்து கைவிடும். ரீபூட் செய்தால் நாலும் வந்துவிடும். மறுநாள் வேறொரு கோர் மக்கர் பண்ணும். சப்ளையரிடம் சொன்னால், உங்கள் பவர் சப்ளை சரியில்லை, எர்த்திங்கைப் பாருங்கள் என்றார்கள். இந்தத் தொழிலில் எல்லா வியாதிக்கும் எர்த்திங்தான் காரணம் போல.

அப்புறம் 'சரிசெய்த' சாஃப்ட்வேர் இமேஜ் ஒன்று வந்தது, கூடவே நாலு சிபியு காட்டும் ஸ்கிரீன்ஷாட். ஒரு போர்டும் மக்கர் பண்ணவில்லைதான், ஆனால் எங்கள் மோஷன் கன்ட்ரோல் திணறியது. பூட் ஆர்கியுமென்ட்டை (கெர்னல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் குறிப்பு) பார்த்தால் மேக்ஸ்சிபியூஸ்=1! மற்ற மூன்று கோரையும் எழுப்பவே வேண்டாம் என்று கெர்னலிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் செய்தாலும் சிபியு விவரம் காட்டும் எல்எஸ்சிபியு கமாண்ட் மொத்தம் 4 என்றுதான் காட்டும். அதற்குக் கீழேதான் ஆன்லைன் 0, ஆஃப்லைன் 1-3 என்று வரும். ஸ்கிரீன்ஷாட்டை அந்த வரிகளுக்கு மேலேயே வெட்டியிருந்தார்கள்.

உண்மையான கோளாறு ஃபர்ம்வேரில், அதாவது லினக்ஸுக்கு முன்பே சிப்பில் ஓடும் அடிப்படை மென்பொருளில். ஒரு கோர் மட்டும் எழுந்து லினக்ஸை ஏற்றும். மற்றவற்றை எழுப்பச் சொல்லி லினக்ஸ் பிஎஸ்சிஐ (கோர்களை எழுப்ப, அணைக்க உள்ள பொது முறை) வழியாக ஃபர்ம்வேரிடம் கேட்கும். புதிய கோர் எங்கே போக வேண்டும் என்ற முகவரியை ஃபர்ம்வேர் மெமரியில் எழுதி வைக்கும். எழுதுகிற கோருக்குக் கேஷ் (கோருக்குப் பக்கத்திலிருக்கும் வேகமான தற்காலிக மெமரி) ஆனில் இருக்கும், எழுகிற கோருக்கு ஆஃபில். எழுதியதைக் கேஷிலிருந்து மெமரிக்குத் தள்ளாவிட்டால் புதிய கோர் பழைய மதிப்பைப் படித்துக்கொண்டு சுற்றியபடியே நிற்கும். ரீபூட்டில் மெமரி அழியாததால் போன தடவை எழுதிய முகவரி அங்கேயே கிடக்கும். அதனால்தான் ரீபூட்டில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. சாம்பிளில் இருந்தது சிப் கம்பெனியின் சொந்த ஃபர்ம்வேர். லாட்டில் இருந்தது இவர்கள் கைவைத்தது. அதைச் சாம்பிளில் ஏற்றி ஜேடேக்கில் (சிப்பின் உள்ளே பார்க்க உதவும் இணைப்பு) பார்த்தோம்: முதல் கோரின் பார்வையில் முகவரி இருக்கிறது, மெமரியில் வெறும் சைபர்.

தெரிந்தும் திருத்த முடியவில்லை. லாட் போர்டுகளில் செக்யூர் பூட் ஃப்யூஸைத் தங்கள் சாவிக்கு எரித்து அனுப்பியிருக்கிறார்கள், ஒரு வார்த்தை சொல்லாமல். அவர்கள் கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேர் இனி அதில் ஏறாது. யூ-பூட்டும் (லினக்ஸை ஏற்றும் புரோகிராம்) கெர்னலும் சோர்ஸ் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் வருவதால் சோர்ஸ் கொடுத்தார்கள். ஆனால் கோளாறு உள்ள ஃபர்ம்வேரான டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏ பிஎஸ்டி உரிமத்தில் வருவது. அதில் சோர்ஸ் தரவேண்டிய கட்டாயம் இல்லை. "சப்போர்ட் கான்ட்ராக்ட் போட்டுடுங்க சார், பாத்துக்கலாம்" என்றார் அவர்கள் மேனேஜர். தன் தப்பைத் திருத்தத் தனிக் காசு!

பாக்கியை நிறுத்தியதும் எம்எஸ்எம்இ சமாதானில் (சிறு நிறுவனங்கள் பாக்கிப் பணத்துக்குப் புகார் செய்யும் அரசுத் தளம்) புகார் போடுவோம் என்று மிரட்டல். அதை லேசாக எடுக்க முடியாது. 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. ஆனால் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லியிருந்தால், குறை நீங்கும் நாளிலிருந்துதான் கணக்கு. எங்கள் மெயில் அந்தக் கெடுவுக்குள் போயிருந்தது. வியாபாரத்துக்கு வாங்கியது என்பதால் நுகர்வோர் நீதிமன்றமும் கைகொடுக்காது.

எனவே லாட் வந்த முதல் வாரத்திலேயே போர்டுகளை ராத்திரி முழுக்க அணைத்து வைத்து, காலையில் பவர் போட்டுப் பாருங்கள். ரீபூட் டெஸ்டை நம்பாதீர்கள். பூட் ஆர்கியுமென்ட்டையும் ஆன்லைன் வரியையும் நீங்களே பாருங்கள். பர்ச்சேஸ் ஆர்டரில், ஃப்யூஸ் எரிக்கக்கூடாது, எரித்தால் எங்கள் சாவிக்குத்தான் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.