அம்மாவின் முட்டிவலி மாத்திரையும் லிட்டில் இந்தியா மருந்தகமும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சின்ன மருந்தகம். அம்மாவின் முட்டி வாதத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை வாங்கப் போனோம். நாப்ராக்சன் 500 மில்லிகிராமும் எசோமெப்ரசோல் 20 மில்லிகிராமும் சேர்ந்தது. முதலாவது வலிக்கு, இரண்டாவது வயிற்றைப் புண்ணிலிருந்து காக்க.

மருந்தாளர் உடனே எடுத்துத் தந்துவிடவில்லை. “ஆன்ட்டி, வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று கேட்டார். அம்மா கைப்பையிலிருந்து போன்ஸ்டான் மாத்திரை அட்டையை எடுத்தார். எனக்கே தெரியாது! அதுவும் அதே வகை வலி மருந்துதானாம். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், சிறுநீரகமும் கெடலாம். ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றியும் கேட்டு, டாக்டருக்கே போன் போட்டுப் பேசினார். அந்தப் பொறுமைக்காகவே இதை எழுதுகிறேன்.

புது மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால், உடைக்காமல், மெல்லாமல் முழுசாக விழுங்க வேண்டும். அம்மா எதையும் பாதியாக உடைக்கிறவர், அதனால் இதை இருமுறை சொல்லவைத்தேன். மலம் கறுத்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை. அப்புறம், மலேசியாவில் பதிவான மருந்து என்று காட்டும் ‘எம்.ஏ.எல்.’ எண்ணையும் பெட்டியில் காட்டினார்.

வரிசை நீளம், கார் நிறுத்த இடமில்லை. இருந்தாலும் அடுத்த மாதமும் அங்கேதான் போவோம்.